போட்ட காசை எடுக்கக் கேட்டேன்

என் அண்ணன் என்னை அடித்தது கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில், ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையில். அவன் கையில் மைக் இருந்தது. மைக் பிடித்த கையாலேயே அடித்ததால் அடி விழுந்த சத்தம் எல்லா ஸ்பீக்கரிலும் வந்தது. முன்வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள். நிகழ்ச்சியில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள்.

அதுவரை அவன் என்னைச் சத்தம் போட்டுத் திட்டியதுகூடக் கிடையாது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு, குண்டசாலையில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில்தான் நானும் இருந்தேன். அண்ணன், அண்ணி, அவர்களுடைய சின்ன மகள், நான். முன்னறையை எனக்கு விட்டுக் கொடுத்தான். "நீ யாருக்கிட்டயும் போய் கைகட்டி நிக்க வேணாம், இங்கயே பார்லர் போடு" என்று சொல்லி, கண்டி டவுனிலிருந்து பெரிய கண்ணாடி வாங்கி வந்து அவனே சுவரில் மாட்டினான். புருவம் எடுப்பது, முடி வெட்டுவது, கல்யாணப் பெண்ணை அலங்கரிப்பது, இதுதான் என் தொழில்.

அண்ணன் தவணைக்கு எடுத்த வான் வண்டியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு சிகிரியா, நுவரெலியா என்று போய்வருவான். வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. அதற்குப் பின்னால் பெற்றோல் வரிசை. தவணை கட்ட முடியாமல் போக, லீசிங்காரர்கள் வந்து வானை இழுத்துக்கொண்டு போனார்கள். வான் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றவன், உள்ளே வந்து தலையைக் கதவு நிலையில் இடித்தான். தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்து அண்ணி ஓடினார். அவன் திரும்பத் திரும்ப இடித்தான். நானும் அண்ணியும் சேர்ந்துதான் பிடித்து இழுத்தோம். நெற்றி பிளந்து இரத்தம் மூக்கின்மேல் வழிந்தது.

அந்தக் காயம் ஆறுவதற்குள் அந்த ஆப் வந்துவிட்டது. பழைய டிரைவர் நண்பன் ஒருவன் போனில் போட்டுக் கொடுத்தான். காசு போட்டால் டொலராகக் காட்டும். தினமும் காலையில் ஒரு பொத்தானை அமுக்கினால் தொகை கூடும். ஆள் சேர்த்தால் இன்னும் கூடும். சேர்ந்த ஆள் இன்னொருவரைச் சேர்த்தால் அதிலும் பங்கு.

"இது என்னா வியாபாரம்ணே?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டுல கம்ப்யூட்டரே வாங்கி விக்குது. மனுசன் கையே படாது."

"நட்டம் வந்தா?"

"வராது."

எனக்கு அங்கேதான் முதலில் இடறியது. ரோட்டோரம் கச்சான் கடலை விற்கிறவருக்குக்கூட மழைநாளில் நட்டம் வருகிறது. வருஷம் முழுவதும், ஒருநாள்கூடக் குறையாமல் இலாபம் தருகிற வியாபாரம் எங்கே இருக்கிறது? ஆனால் அண்ணன் உண்மையாகவே அதிலிருந்து காசு எடுத்தான். அரிசி வந்தது. அடகிலிருந்த அண்ணியின் வளையல் வீட்டுக்கு வந்தது. அதைப் பார்த்த பிறகு நான் என்ன பேசினாலும் எடுபடவில்லை.

அவன் கறுப்புக் கோட் தைத்தான். 'லீடர்' ஆனான். வீட்டு வாசலில் வந்து நின்று "சேர் இருக்காரா?" என்று கேட்டார்கள். வான் ஓட்டிய காலத்தில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவன் முதுகு நிமிர்வதை நான் பார்லரிலிருந்து பார்ப்பேன். கண்ணாடிச் சட்டத்தில் ஒரு கம்பெனிப் பதிவுப் பத்திரம் முன்னறைச் சுவருக்கு வந்தது. என்னிடம் புருவம் எடுக்க வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், "உங்க அண்ணன் செய்யிறதுதானே, பயமில்லையே?" நான் நூலைப் பல்லில் கடித்திருப்பதால் உடனே பதில் சொல்ல முடியாது. நூலை எடுத்துவிட்டு, "நான் பொறுப்பு சொல்ல மாட்டேன் மிஸ்" என்பேன். சிலர் சிரித்தார்கள். அநேகர் சேர்ந்தார்கள்.

என்னையும் விடவில்லை. தங்கச்சியே சேரவில்லை என்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கெஞ்சினான். கொஞ்சம் போட்டேன். பிறகு ஃபேஷியலுக்கு ஆவி பிடிக்கும் மெஷின் பழுதானது. புதிதாக வாங்க, போட்டதை எடுக்கக் கேட்டேன். 'முதலில் வரி கட்டவும்' என்று ஆப் சொன்னது. கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு கம்பெனியின் பெயரில் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. காசு போட்டவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: "வரியை என் காசிலேயே கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தாருங்கள்." பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அண்ணனிடம் போனேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என் காசை எனக்குத் தர நான் எதுக்குக் காசு கட்டணும்?"

"சிஸ்டம் அப்பிடித்தான். கட்டு, வந்துரும்."

"உனக்கு வருதா இப்ப?"

சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தான். பருப்பு வழிந்து இறங்குவதைப் பார்த்து மகள் அழ ஆரம்பித்தாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் வேறு வேலையாகக் கண்டி டவுனில் வங்கிக்குப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பத்திரத்தைப் பற்றியும் சொன்னேன். "அது கம்பெனி பதிஞ்ச பேப்பர் அக்கா. நீங்க பார்லருக்கும் அத எடுக்கலாம். சனங்ககிட்ட வைப்புக் காசு வாங்கணும்னா மத்திய வங்கி அனுமதி வேணும். அது வேற. அது இருக்கானு கேளுங்க" என்றாள். கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும், அந்த அனுமதி இருக்காது என்று தெரிந்துவிட்டது.

பிலிமத்தலாவைக் கூட்டத்துக்கு நான் போனது அலங்காரம் செய்ய. லீடர்களின் மனைவிமாருக்கும், மேலே வந்துவிட்ட பெண் லீடர்களுக்கும் மேக்கப் போட வேண்டும் என்று அண்ணி மூலமாக அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஒவ்வொருவராக உட்கார வைத்து முகத்துக்குப் பூசினேன். வெளியே கொழும்பிலிருந்து வந்த 'பெரிய சேர்' பேசிக்கொண்டிருந்தார். இன்று பின்னேரத்துக்குள் சேர்கிறவர்களுக்கு ரெட்டிப்பு என்றார். நாளைக்குக் கதவு மூடிவிடும் என்றார்.

அண்ணன் ஒருவரை மேடைக்கு அழைத்தான். அக்குறணையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முதலாளி. வெள்ளைத் தொப்பி, மெலிந்த உடம்பு, அமைதியான மனிதர். கடையைப் பெருப்பிக்கச் சேர்த்து வைத்ததை இதில் போட வந்திருந்தார். மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இடையில தேவைப்பட்டா எடுக்க ஏலுமா தம்பி?"

"எப்ப வேணும்னாலும் எடுக்கலாம் நானா" என்றான் அண்ணன். வயதில் மூத்த முஸ்லிம் ஆட்களை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

நான் எழுந்ததும் நடந்ததும் எனக்கு நினைவில் இல்லை. திரை ஓரத்தில் நின்றது நினைவிருக்கிறது. கையில் பிரஷ் இருந்தது.

"அண்ணே, பொய் சொல்லாத. நான் கேட்டேன். தரல. மத்திய வங்கி அனுமதி இருந்தா காட்டு."

அப்போதுதான் அடித்தான். கன்னத்து எலும்பில் மைக்கின் இரும்பு பட்டது. நான் விழுந்தேன். அவன் குனிந்து என்னைத் தூக்கப் போகிறான் என்று நினைத்தேன். முடியைப் பிடித்து உள்ளே தள்ளினான். உள்ளே, சற்று முன் நான் உதட்டுச் சாயம் பூசிவிட்ட பெண்கள் காத்திருந்தார்கள். "அண்ணன் நல்லா இருக்கிறது பொறுக்கல இவளுக்கு!" ஒருத்தி வயிற்றில் முழங்காலால் இடித்தாள். இன்னொருத்தி என் தலையை மேசையில் மோதினாள். யாரோ தோட்டைப் பிடித்து இழுக்க, காது மடல் கிழிந்து தோடு அவள் கையோடு போனது. சூடாக ஏதோ கழுத்தில் இறங்கியது. எனக்கு வலிக்கவில்லை அப்போது. அவர்களுடைய முகங்களில் நான் போட்ட பவுடர் வியர்வையில் திட்டுத்திட்டாகக் கலைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்குறணை நானாவின் குரல் கேட்டது. "அல்லாஹ்வே, பொம்பளப் புள்ளைய விடுங்க!" அவர் திரைக்குள் வந்து என் இரத்தத்தைப் பார்த்தார். அதற்குள் பெரிய சேர் மைக்கை எடுத்துவிட்டார். "நம்ம முன்னேற்றத்தை வெளியாள் கெடுக்கிறதில்ல. வீட்டுக்குள்ள இருக்கிறவங்கதான் கெடுப்பாங்க!" மண்டபம் அதிரக் கைதட்டியது. நானா திரும்பி அந்தக் கைதட்டலுக்குள் போனார். அன்று பின்னேரமே அவர் காசைப் போட்டார் என்று பிறகு தெரிந்தது.

காதுக்குத் தையல் போட்ட நேர்ஸ், யார் செய்தது என்று கேட்டார். அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. குண்டசாலைக்குத்தான் திரும்பிப் போனேன். போக வேறு இடம் இல்லை. கண்ணாடியும் கதிரையும் வாடிக்கைக்காரர்களும் அந்த வீட்டில்தான். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். அண்ணி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு தங்கச்சி" என்று மெல்லச் சொன்னார்.

பிறகு ஒரு மழைக்காலக் காலையில் பொத்தான் வேலை செய்யவில்லை. பராமரிப்பு நடக்கிறது என்று செய்தி வந்தது. அடுத்து, கணக்கை உறுதிப்படுத்த எல்லோரும் இன்னொரு தடவை காசு கட்ட வேண்டும், கட்டாதவர்களின் கணக்கு அழிந்துவிடும் என்றது. அண்ணன் வீடுவீடாகப் போய்க் கட்ட வைத்தான். வளையலை மறுபடி அடகுவைத்துத் தானும் கட்டினான். பிறகு ஆப்பின் திரை வெள்ளையாகிவிட்டது. பெரிய சேரின் போன் நம்பரும் வேலை செய்யாமல் போனது.

அக்குறணை நானா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார். "தம்பி, எங்கட காசு எப்ப வரும்?" அண்ணன், அடுத்த கிழமை என்றான். மறுபடி வந்தார். மறுபடி அடுத்த கிழமை. அந்தத் தடவை அவர் போகும்போது செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு மழையில் நடந்து போனார். அண்ணனிடம் சொன்னேன், "அவருகிட்டயாவது உண்மையச் சொல்லு." அவன் என்னைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். ஆட்டோக்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் வந்தார்கள். நான் ஒரு அம்மாவுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் கல் ஜன்னலை உடைத்து எங்களிருவருக்கும் நடுவால் போய்ச் சுவரில் பட்டது. அந்த அம்மா கழுத்தில் சுற்றிய துவாயோடு பின்னால் குசினி அடுப்புப் பக்கமாக ஓடினார். "ஹொரா! ஹொரா!" என்று சிங்களத்தில் கத்தினார்கள். "கள்ளன், வெளிய வாடா!" என்று தமிழில் கத்தினார்கள். அண்ணி மகளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

வீட்டுக்குள் வர வழி என் பார்லர்தான். பெரிய கண்ணாடியைக் கதிரையால் அடித்தார்கள். அது ஒரே தரத்தில் விழவில்லை. அடிக்க அடிக்கத் துண்டு துண்டாக வந்தது. "நான் உங்களுக்குச் சொன்னேனே, பொறுப்பு சொல்ல மாட்டேன்னு சொன்னேனே!" என்று கத்தினேன். என்னிடம் மாதாமாதம் வருகிற பெண் ஒருத்தி, "அவன்ட தங்கச்சிதானே நீ!" என்று சூடான மெழுகுச் சட்டியைத் தூக்கி எறிந்தாள். அது வேறு யாரோ ஒருவரின் காலில் கொட்டி அவர் அலறினார். அந்த அலறல் கூட்டத்தை இன்னும் வெறியாக்கியது.

அண்ணனைக் கட்டிலுக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணாடித் துண்டுகள் மேலாகவே இழுத்துக்கொண்டு போனார்கள். தரையில் சிவப்பாக ஒரு கோடு பின்னால் வந்தது. ரோட்டில் போட்டு மிதித்தார்கள். ஒருவர் மிதித்துக் களைத்து ஒதுங்க அடுத்தவர் வந்தார். மண்டபத்தில் என் காதைக் கிழித்தவள் செருப்பைக் கழற்றி அவன் வாயில் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் "சேர்... சேர்..." என்றாள். அவனுடைய மோட்டார் சைக்கிளைச் சாய்த்துப் பெற்றோலைத் திறந்து பற்ற வைத்தார்கள்.

அப்போது கூட்டம் விலகியது. அக்குறணை நானா அலவாங்கோடு வந்தார். அவருடைய கடையில் விற்கிற, நிலம் தோண்டுகிற கனத்த இரும்புக் கம்பி, நுனியில் பெயின்ட்கூடப் போகாத புதுசு. யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் கத்தவும் இல்லை. தூக்கி அடித்தார். அண்ணன் முகத்தை மறைத்த கையில் விழுந்தது. காய்ந்த மூங்கில் முறிவதுபோல் ஒரு சத்தம். அவர் மறுபடி தூக்கினார். அது தலையில் விழும் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவன்மேல் விழுந்தேன். என் தோள்பட்டைக்குப் பின்னால் விழுந்த அடியில் மூச்சு நின்றுவிட்டது. என் வாய் அண்ணனின் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன், "போயிரு, போயிரு" என்று முனகினான்.

நானா என்னை அடையாளம் கண்டுவிட்டார். அலவாங்கைப் போட்டார். தார் ரோட்டில் உட்கார்ந்து தன் தலையிலேயே இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் கூப்பிட்டுத்தான் பொலிஸ் வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே அண்ணனைக் கைதுசெய்தார்கள். பிறகு பிணை கிடைத்தது. பெரிய சேரின் பெயர், விலாசம் எல்லாமே பொய் என்று பொலிஸில் சொன்னார்கள். அண்ணன் கைப்பிளாஸ்டரோடு வீட்டில் கிடந்தான். உடைந்த ஜன்னலுக்கு நாங்கள் அட்டை ஒட்டியிருந்தோம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு காலை அவனுக்குப் போன் வந்தது. வெகுநேரம் பேசினான். முகத்தில் பழைய வெளிச்சம். "வக்கீலாம். வெளிநாட்டுல நம்ம காசு பிடிபட்டிருக்காம். ஃபீஸ் கட்டுனா எல்லாருக்கும் எடுத்துத் தருவாங்களாம்."

"இவங்களும் அவங்கதாண்ணே" என்றேன். "ஏமாந்தவங்க நம்பர வச்சுக்கிட்டுத்தான் எடுக்கிறாங்க."

அவன் அண்ணியைப் பார்த்தான். வீட்டில் மிஞ்சியிருந்த தங்கம் தாலிக்கொடி மட்டும்தான். அண்ணி கையால் மூடிக்கொண்டு பின்னால் போனார். அவன் எட்டிப் பிடித்து நல்ல கையால் இழுத்தான். கொடி அறவில்லை. அண்ணியின் கழுத்தை அறுத்தது. அவர் நாக்கை வெளியே தள்ளி, முழங்காலில் விழுந்தார். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தேங்காய் உடைக்கிற கத்தியை எடுத்தேன். எடுத்த நொடியில் எதற்கு எடுத்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அதன் முதுகால் மேசையிலிருந்த போனை அடித்தேன். கண்ணாடி தெறித்து என் கையைக் கிழித்தது. தூளாகும்வரை அடித்தேன். அண்ணன் கொடியை விட்டுவிட்டு என்மேல் பாய்ந்தான். கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவன் முகத்தில் அறைந்தேன். அவன் நிற்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. அவன் உட்காரும்வரை அறைந்தேன்.

தரையில் உட்கார்ந்து நெடுநேரம் மூச்சு வாங்கினான். பிறகு சொன்னான், "எனக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"மண்டபத்துல நீ சொன்னப்பவே தெரியும். அதுக்கு முன்னாலயே எனக்கும் எடுக்க முடியல."

"அப்ப ஏன்ணே?"

"எல்லாரும் சேர்னு கூப்பிட்டாங்க." அவ்வளவுதான் சொன்னான். அண்ணி எழுந்து, இரத்தம் துடைக்காமலே, மகளின் உடுப்புகளைப் பையில் போட ஆரம்பித்தார்.

அண்ணியும் மகளும் இப்போது மாத்தளையில் அண்ணியின் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் வாகனம் கழுவும் ஒரு இடத்தில் வேலை செய்கிறான். அவனுடைய விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. வழக்கு நடக்கிறது. நீதிமன்றத்து வாசலில் ஒரு தடவை நானாவைக் கண்டேன். அடித்ததற்காக அவர்மேலும் வழக்கு இருக்கிறது. அவர் என் காதைப் பார்த்தார்.

"அண்டைக்கு நீங்க சொன்னீங்க மகள். ரத்தத்தையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் போய்க் குடுத்தேன்" என்றார். "என்னத்துக்குன்னு இன்னம் எனக்கு விளங்குதில்ல."

இரண்டு பேரும் பஸ் வரும்வரை நின்றோம்.

பார்லரை மறுபடி திறந்திருக்கிறேன், சின்னக் கண்ணாடியோடு. போன மாதம் ஒரு டீச்சர் புருவம் எடுக்க வந்தார். ஒரு பக்கம் முடித்தபோது போனைக் காட்டினார். தங்கத்தில் காசு போடும் புது ஆப்பாம், நம்பிக்கையான ஆட்களாம், ஏற்கெனவே கொஞ்சம் எடுத்தும் பார்த்தாராம். "கொஞ்சம் தருவாங்க மிஸ். போட்டதெல்லாம் இப்பவே வேணும்னு கேட்டுப் பாருங்க. காசு கட்டச் சொன்னா, அதுக்கு மேல ஒரு சதமும் குடுக்காதீங்க" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "உங்க வீட்டுல நடந்தத வச்சு எல்லாரையும் அப்பிடி நினைக்காதீங்க!" என்று எழுந்து, ஒரு புருவத்தோடு படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வந்தார். கண் வீங்கியிருந்தது. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "காசு கட்டச் சொல்றாங்க" என்றார், மற்றப் பக்கத்தையும் செய்யச் சொன்னார். நான் நூலை எடுத்தேன். அதைப் பல்லில் கடித்தேன்.